பேய்க் கதை எழுதுபவர் வீட்டுக்கு வரும் கேள்விகள்

என் மனைவி பேய் நாவல் எழுதுபவர். வீடு மதுரை செல்லூரில். புத்தகத்தின் பின்னட்டையில் இருப்பது என் கைபேசி எண் என்பதால் அவருக்கு வர வேண்டிய கேள்வியெல்லாம் முதலில் என் காதில்தான் விழுகிறது. நான் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவன். அவருடைய கையெழுத்துப் படியைத் தட்டச்சு செய்வதும் நான்தான். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதமாகவே கீழே கொடுத்திருக்கிறேன். பதில்களை அவர் பார்த்துவிட்டார். இரண்டு இடத்தில் அடித்தார், அதில் ஒன்றை நான் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

மேடம் பேய்க் கதை மட்டும்தான் எழுதுவாங்களா?

இப்போது ஆமாம். முதன்முதலில் அச்சில் வந்தது ஒரு வார இதழில் சமையல் குறிப்பு, முள்முருங்கை வடை. அப்புறம் சிறுகதை, மாத நாவல், பிறகு முழு நாவல். நடுவில் ஒரு காதல் கதை எழுதினார். அதிலும் மூன்றாம் அத்தியாயத்தில் மாமியார் செத்துப்போய்த் திரும்பி வந்துவிட்டார். மாமியாரை வைத்துக்கொண்டு காதலை எடுத்துவிடுங்கள் என்று ஆசிரியர் எழுதி அனுப்பினார்.

ராத்திரி பன்னண்டு மணிக்கு மேல லைட்டை அணைச்சுட்டுத்தான் எழுதுவாங்களாமே?

லைட்டை அணைத்தால் எழுத்து தெரியாது. இரவு ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடுவார். விடிகாலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவார். குழாயில் தண்ணீர் வரும் நாளென்றால் குடம், அண்டா எல்லாம் நிரப்ப வேண்டும். இட்லி ஊற்றி, மதியச் சமையலையும் முடித்துவிட்டு, பதினொரு மணிக்கு மேல் உட்காருவார். எழுந்திருக்க இரண்டாகிவிடும். அதுவரை யார் போன் செய்தாலும் 'கோயிலுக்குப் போயிருக்காங்க' என்பது என் பதில்.

உச்சிப்பொழுதில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அந்த நேரத்தை உருமம் என்பார்கள். 'உருமத்துல புளியமரத்தடிக்குப் போகாதே, கிணத்தை எட்டிப் பாக்காதே' என்று சொல்லிச் சொல்லித்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். கோடையில் ஒரு மணிக்கு எங்கள் தெருவில் நின்று பாருங்கள். கதவெல்லாம் சாத்தியிருக்கும், நாய் வண்டிக்கடியில் கிடக்கும், கூப்பிட்டால் ஒருத்தர் வர மாட்டார். நடுராத்திரியிலாவது பரோட்டாக் கடை திறந்திருக்கும்.

பேய்க்கு நிழல் கிடையாது என்பார்கள் அல்லவா? சித்திரை பிறக்கிற நாட்களில் சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் வருகிறது. பன்னிரண்டே கால் வாக்கில் வெட்டவெளியில் நின்றால் நிழல் காலுக்கடியில் போய்விடும். அந்தச் சில நிமிடம் ஊரில் யாருக்கும் நிழல் இல்லை. ஆவணியில் இன்னொரு முறை இப்படி நடக்கும். இதை வைத்து அவர் ஒரு நாவலே எழுதியிருக்கிறார். நிழல் இல்லாத கூட்டத்தில் யார் உயிரோடு இருப்பவர் என்று கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் கதை.

கையால எழுதுறாங்களா, கம்ப்யூட்டர்லயா?

நீள நோட்டில், பந்துமுனைப் பேனாவால். இடது பக்கத்தைக் காலியாக விட்டுவிடுவார், பிறகு சேர்ப்பதற்கு. மளிகைக் கணக்கும் சில நேரம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். ஒருமுறை 'உளுந்து இரண்டு கிலோ' அச்சுப்படி வரைக்கும் போய்விட்டது.

பேய்க் கதை எழுதுறவங்க அப்படி என்னதான் சாப்பிடுவாங்க?

இதைக் கேட்பவர்கள் எதிர்பார்ப்பது ரத்தப் பொரியல் என்ற பதிலை. சாப்பிடுவார்தான். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு வதக்கிய ஆட்டு ரத்தத்தை மதுரையில் யார் வேண்டாம் என்கிறார்கள்? அதற்குப் பேய் நாவல் எழுத வேண்டியதில்லை. கடையில் சாப்பிட வேண்டுமென்றால் சிம்மக்கல் பக்கம் கறிதோசை. கல்லில் தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி என்று அடுக்கி, திருப்பிப் போட்டு எடுப்பது. அரைத் தோசைக்கு மேல் அவரால் முடியாது, மீதி எனக்கு. சாயங்காலம் தள்ளுவண்டிக்காரர் வந்தால் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது. நெஞ்சுச் சளிக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு சளி இல்லாத நாளிலும் குடிப்பார். ஜிகர்தண்டா அவருக்கு ஆகாது. வெளியூர் விருந்தாளிகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

ஆனால் உயிர் என்றால் அயிரை மீன் குழம்புதான். விரல் நீளம்கூட இருக்காத மீன். உயிரோடு, தண்ணீரோடு வாங்கி வருவோம். சேற்றில் மேய்வது என்பதால் வயிற்றில் மண் இருக்கும். அதைக் கக்க வைக்கப் பாத்திரத்தில் பாலை ஊற்றி அதில் மீனை விடுவார்கள். வெள்ளைப் பாலுக்குள் கரிய மீன்கள் துள்ளிக்கொண்டிருக்கும். பிறகு கல் உப்பைப் போட்டு உரசிக் கழுவி, முழுசாகவே குழம்பில் போடுவது. தலை கிள்ளுவதெல்லாம் கிடையாது. 'பால் ஊத்திட்டுத்தான் கொல்றோம், கவனிச்சீங்களா' என்று ஒருநாள் அடுப்படியிலிருந்து கேட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வரியை எங்கே வைத்தார் என்பது அவருடைய தறி நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

கறிக்குழம்பை வெளிய கொண்டு போனா கரித்துண்டு போடணும்ங்கிறதை அவங்க நம்புறாங்களா?

நம்புவதாகச் சொல்ல மாட்டார். ஆனால் மகள் வீட்டுக்குத் தூக்குவாளியில் குழம்பு போகும்போது மூடிமேல் ஓர் அடுப்புக்கரித் துண்டு இருக்கும். கேஸ் அடுப்பு வந்த பிறகு கரிக்கு எங்கே போவது? இஸ்திரி போடும் அண்ணனிடம் வாங்கி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார். கரி கிடைக்காவிட்டால் இரும்பு ஆணி, இல்லையென்றால் வேப்பிலை.

இந்த மாதிரிப் பழக்கங்களைத்தான் அவர் சேர்த்து வைக்கிறார். கருமாதியில் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைத்து, கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது நம் வீடுகளில் உண்டு. சுருட்டுப் பிடித்தவர் என்றால் சுருட்டும் இருக்கும். உள்ளே ஒன்றும் நடக்காது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. இதற்குமேல் ஒரு பேய்க் கதைக்கு என்ன வேண்டும் என்பார். கதவைத் திறக்கும்போது இலையில் அப்பளம் மட்டும் நொறுங்கியிருந்தால் போதும், மற்றதை வாசகர் பார்த்துக்கொள்வார்.

நிஜமாவே பேய் பாத்திருக்காங்களா?

இல்லை. அமுக்குவான் வந்திருக்கிறது. விடியும் நேரத்தில் முழிப்பு வந்துவிடும், கை காலை அசைக்க முடியாது, நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பது தெரியும், கத்தினால் சத்தம் வராது. நிறையப் பேருக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது வந்திருக்கும். கனவு காணும் கட்டத்தில் நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை உடம்புத் தசைகளை முடக்கி வைக்கிறது. சில சமயம் முழிப்பு முந்திக்கொள்ள, முடக்கம் விலகத் தாமதமாகிறது. கனவின் மிச்சமும் கண்ணில் நிற்கிறது. தூக்கம் கெட்டிருந்தாலும், மல்லாந்து படுத்தாலும் அதிகம் வரும். ஓரிரு நிமிடத்தில் தானே விட்டுவிடும். இப்போது ஒருக்களித்துத்தான் படுக்கிறார்.

கண்மாய்க்கரையில் கொள்ளிவாய்ப் பிசாசு பார்த்ததாகச் சொல்பவர்களும் நிறையக் கூப்பிடுகிறார்கள். சேற்றில் தழையும் குப்பையும் மக்கி எழும் மீத்தேன் வாயு பற்றிக்கொள்வது என்று அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். விளக்கம் சொன்னதும் பலர் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிடுகிறார்கள். ஆகவே இப்போதெல்லாம் 'எந்தக் கண்மாய்ங்க?' என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன்.

கூடவே இருக்கீங்களே சார், உங்களுக்குப் பயமா இல்லையா?

பதினொரு மணிக்கு முன்னால் பேச்சுக் கொடுத்தால் பயம்தான்.

எங்க ஊர்ல ஒரு பேய் வீடு இருக்கு, மேடம் வந்து பாத்து எழுதுவாங்களா?

வாரம் ஒருவராவது கேட்கும் கேள்வி. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எல்லாத் திசையிலும் ஒரு பூட்டிய வீடு இருக்கிறது. அவர் திருப்பிக் கேட்பது எப்போதும் இதுதான்: சாவி யாரிடம் இருக்கிறது, வீட்டு வரி யார் கட்டுகிறார்கள், கடைசியாகச் சுண்ணாம்பு அடித்தது எப்போது? இதற்குப் பதில் வாங்கினாலே பாதிப் பேய் ஓடிவிடும். பெரும்பாலும் அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரிவினை வழக்காக இருக்கும். வாடகைக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்று ஒரு தரப்பு கிளப்பிவிட்ட கதையாக இருக்கும்.

மிச்சப் பாதியில்தான் அவருக்கு அக்கறை. பேயை நம்பாதவர்கூட அந்த வீட்டைத் தாண்டும்போது ஏன் எதிர்ச்சாரிக்குப் போய் நடக்கிறார்? அங்கே யாருக்கோ ஓர் அநியாயம் நடந்தது தெருவுக்கே தெரியும், அன்றைக்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அப்படி ஒன்று இருந்தால் சொல்லுங்கள், வருவார். கதவு தானாக ஆடுகிறது என்றால் தச்சரைக் கூப்பிடுங்கள்.

கருப்பசாமி, முனி எல்லாம் மதுரைப் பக்கம்தானே, அவங்களை வச்சு ஏன் எழுதல?

சாமி வேறு, பேய் வேறு. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்புக்குச் சிலை கிடையாது, சாத்திய கதவுக்குத்தான் சந்தனம் பூசி மாலை போடுகிறோம். கடன் வாங்கியவன் அந்த வாசலில் சத்தியம் செய்யப் பயப்படுவான். அது பொய் சொல்லப் பயம், இருட்டுப் பயம் இல்லை. பாண்டி கோயிலில் கிடா வெட்டி, பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரும் குடும்பம் எங்களுடையது. அந்தச் சாமியை அட்டையில் பல்லை நீட்டி வரையச் சொல்ல அவருக்கு மனம் வராது.

கோடாங்கி வருவார், உடுக்கைச் சத்தம் வரும், பேய் பிடித்த பெண்ணின் முடியை எடுத்துப் புளியமரத்தில் ஆணி அடிப்பது வரும். அந்தக் காட்சிகளில்கூடப் பெண் என்ன பேசுகிறாள் என்பதைத்தான் விரிவாக எழுதுவார். வீட்டில் வாயே திறக்காதவள், சாமியாடி முன்னால் மாமனாரைப் பேர் சொல்லி அழைத்துக் கணக்குக் கேட்பாள். மேலே பூட்டிய வீட்டுக்குச் சொன்னதேதான் இங்கேயும்.

இதெல்லாம் இங்கிலீஷ் படம் பாத்து எழுதுறதுதானே?

கேட்டவர் கோபப்பட வேண்டாம், பதில் கொஞ்சம் நீளம். மதுரை ராத்திரியைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவர் மாங்குடி மருதனார். அவர் பாடிய மதுரைக்காஞ்சி பத்துப்பாட்டிலேயே நீளமானது, 782 அடி. பகல் கடை, அல்லங்காடி எனும் இரவுக் கடை என்று ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுச் சாமம் சாமமாக இரவுக்குள் போகும். ஊர் அடங்கிய பிறகு பேயும் அணங்கும் உருவெடுத்து நடக்கின்றன. நூலேணியைச் சுற்றிக்கொண்டு கன்னம் வைக்கத் திருடர்கள் வருகிறார்கள். அவர்களைப் பிடிக்கக் காவலர்கள் தூங்காமல் சுற்றுகிறார்கள். ஒரே தெருவில் பேய், திருடன், காவல்காரன் மூவரும்! செல்லூர் விசைத்தறிக் கூடத்தில் நடக்கும் அவருடைய தறி நாவல் இங்கிருந்து வந்ததுதான். இரவுக் காவலாளி, நூல் திருடுபவன், மூன்றாவதாக ஒருத்தி. தறிச் சத்தத்தில் மூன்று பேருக்கும் மற்றவர் காலடி கேட்காது.

மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டுக்குள் தனியாகப் போகும் சார்ங்கலன் என்ற பையன், பேய் ஒன்று ஆடுவதைப் பார்த்து அலறி ஓடிவந்து உயிரை விடுகிறான். கதை அங்கே முடிவதில்லை. அவன் தாய் கோதமை, என் உயிரை எடுத்துக்கொண்டு பிள்ளையைக் கொடு என்று தெய்வத்திடம் மன்றாடுகிறாள், நடக்காது என்கிறது தெய்வம். பேய் வரும் வரிகளைவிட இந்த வரிகளைத்தான் அவர் அதிகம் படிக்கிறார். ஆங்கிலப் படமும் பார்ப்பார், பாதியில் தூங்கிவிடுவார்.

அடுத்து என்ன நாவல் வருது?

இப்போது மேசையில் இருப்பது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே காலி செய்த பஞ்சம் அது. ஊரை விட்டுக் கண்டிக்கும் வேறு தீவுகளுக்கும் கப்பலேறியவர்கள் ஏராளம். நிவாரண வேலைக்கு வந்த ஆண்களுக்கு ஒரு கட்டத்தில் நாள் கூலியை ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் எனக் குறைத்தார்கள். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோகூட இல்லை, அதை வாங்கிக்கொண்டு மண் சுமக்க வேண்டும். நாவல் நடப்பது மதுரைக்குக் கிழக்கே ஒரு பெரிய வீட்டில். குதிர் நிறையக் கம்பு இருந்தும் கதவைத் திறக்காத குடும்பம். பஞ்சம் தீர்ந்து மழை பெய்த பிறகுதான் வாசலில் கஞ்சி கேட்கும் குரல் வர ஆரம்பிக்கிறது. புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இதற்காகக் குறிப்பெடுக்கிறார். எழுதும் நேரத்தை மாற்ற முடியாது என்பதால் நூலகம் சாயங்காலம்தான். சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு பேசும் ஆள் இந்த அத்தியாயங்கள் எழுதும் நாட்களில் சரியாகச் சாப்பிடுவதில்லை. இது அவர் அடித்துவிட்ட வரி.

அடுத்தது கீழடி பக்கத்துக் கொந்தகை. அங்கே முதுமக்கள் தாழிகள் எடுத்தது எல்லோருக்கும் தெரியும், எலும்போடு சிறு பானைகளும் மணிகளும் கிடைத்தன. அவருடைய கதை தொல்லியல் குழியில் நடக்காது. வங்கிக் கடனில் வீடு கட்டும் ஒருவர் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி வெட்டும்போது தாழி ஒன்று தட்டுப்படுகிறது. சொன்னால் வேலை நின்றுவிடும் என்று ராத்திரியோடு ராத்திரியாக மூடிவிடுகிறார். அதன்மேல் சமையலறை வருகிறது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும், ஏனென்றால் நோட்டு இன்னும் என் கைக்கு வரவில்லை.

படையல் என்று ஒரு சிறுகதைத் தொகுப்பும் மனதில் இருக்கிறது. ஒவ்வொரு கதையிலும் செத்தவருக்குப் பிடித்த ஒரு பதார்த்தம், செய்முறையோடு. எப்போது வரும் என்று கேட்காதீர்கள்.

எழுத்துல சம்பாதிக்க முடியுதா?

பொதுவாகத் தமிழ்ப் புத்தகத்துக்கு விலையில் பத்து சதவீதம் ராயல்டி. மற்றதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மீன் வாங்க வரும்.

என் பையன் ஏழாவது படிக்கிறான், குடுக்கலாமா?

நிழல் நாவலைக் கொடுக்கலாம். தறி நாவல் வேண்டாம். பையனை விடுங்கள், நீங்கள் படித்துவிட்டு ராத்திரி எனக்குப் போன் செய்யாதீர்கள்.

நானும் பேய்க் கதை எழுதுறேன், யாருக்கும் பயமே வர மாட்டேங்குது, என்ன பண்றது?

அனுப்பிய கதைகளை நானும் படிக்கிறேன். முதல் வரியிலேயே மழை, மின்னல், ஆந்தை, பாழடைந்த பங்களா. வாசகருக்கு அந்த பங்களாவில் பழக்கமே இல்லை, அங்கே எது நடந்தால் அவருக்கென்ன? வீட்டுக்காரர் எந்தக் கையால் கொண்டி போடுவார், அஞ்சறைப் பெட்டியில் கடுகு எந்தக் கிண்ணத்தில் இருக்கும் என்று சாவகாசமாக முப்பது பக்கம் எழுதுங்கள் என்பார் அவர். வாசகர் அந்த வீட்டில் குடியேறிய பிறகு, கடுகுக் கிண்ணத்தில் வெந்தயம் இருக்கட்டும். கூச்சல், ரத்தம் எதுவும் வேண்டாம். யாரோ உள்ளே வந்து போயிருக்கிறார் என்பது அவருக்கே புரியும். ஆச்சரியக்குறியைக் குறையுங்கள், இது பிழை திருத்துபவன் சொல்வது.

பஞ்சத்துல செத்தவங்களைப் பேயாக்கிக் காசு பாக்குறது தப்பில்லையா?

ஒரு வாசகி கடிதத்தில் கேட்டார், பிறகு பலரும் கேட்கிறார்கள். தப்பாகிவிடக் கூடாது என்றுதான் இந்த நாவல் இத்தனை தாமதம். அவர் வைத்திருக்கும் கட்டுப்பாடு இது: செத்தவர் யாரையும் கொல்ல மாட்டார், பழிவாங்க மாட்டார், கோரமாக வர மாட்டார். கஞ்சி மட்டும் கேட்பார். பயப்படுவதெல்லாம் அன்றைக்கு வயிறு நிறைந்திருந்தவர்கள்.

பெருங்காமநல்லூரை வைத்து எழுதச் சொல்லி ஒரு பதிப்பாளர் கேட்டார். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, ரேகைச் சட்டத்தை, அதாவது கைரேகை பதியச் சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டத்தை, எதிர்த்த மக்களைப் போலீஸ் சுட்ட ஊர் அது. செத்தவர்களின் பேரன் பேத்திகள் உசிலம்பட்டிச் சந்தையில் நம் பக்கத்தில் நின்று காய் வாங்குகிறார்கள். அவர்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது, பேய்க் கதை வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அப்படியானால் தாது வருஷத்துக் குடும்பங்களுக்கு வாரிசு இல்லையா என்று கேட்டால், இருக்கிறார்கள், நானும் அதில் ஒருத்திதான் என்பார். இந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. அவருக்கும் தரவில்லை என்று நினைக்கிறேன், எழுதிக்கொண்டிருக்கிறார்.

மேடத்தை நேர்ல பாக்கலாமா?

தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில் மாலையில் பார்க்கலாம். வீட்டுக்கு வர வேண்டாம். எலுமிச்சம்பழம், பொம்மை, தலைமுடி இவற்றைத் தபாலில் அனுப்புபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், தபால்காரர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்த மாட்டேன் என்கிறார்.

பூட்டுன வீடு நாவல்ல கடைசிப் பக்கத்துல உள்ளேருந்து கதவைத் திறந்தது யாரு? அதை மட்டும் சொல்லுங்க சார்.

படிக்காதவர்களுக்காக: மூன்று அண்ணன் தம்பிகளுக்குள் வழக்கு, பூட்டிய வீடு, தீர்ப்பு வந்த அன்று மூவரும் ஆளுக்கொரு சாவியோடு வருகிறார்கள். யாரும் சாவியைப் போடுவதற்குள் கதவு திறக்கிறது. அத்தோடு நாவல் முடிகிறது.

அவர் சொல்ல மாட்டார், என்னிடமும் சொன்னதில்லை. தட்டச்சு செய்தவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஏழாவது அத்தியாயத்தில் வரும் வீட்டு வரி ரசீதில் இருக்கும் பெயரைப் பாருங்கள். அது பிழை என்று நினைத்து நான் திருத்தினேன். அவர் மறுபடி பழையபடியே மாற்றிக் கொடுத்தார்.